குதிரையேற்றச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். தீவனத்திலும் லாடக் கூலியிலும் நிலுவை ஏதும் இல்லை.

தை மாதம் உச்சிப்புளிப் பக்கத்துப் பனங்காட்டில் நாம் நடத்திய கிராஸ் கன்ட்ரி ஓட்டத்தின் (திறந்த வெளியில் அசையாத தடைகளைத் தாண்டிக் குதிரை ஓட்டும் போட்டி) நான்காவது தடையில், நம் செவலைப் பெண் குதிரை முன்னங்கால்கள் பனந்தடியில் இடித்துக் குப்புறப் புரண்டது. ஏறியிருந்த தம்பி பக்கவாட்டில் தெறித்து விழுந்ததால் குதிரையின் எடை அவர்மேல் விழவில்லை. அவரது காறை எலும்பு முறிந்தது. ஹெல்மெட் காதுக்கு மேலே விரல் நீளத்துக்கு வெடித்திருந்தது. செவலை தானாகவே எழுந்து, அறுந்த கடிவாளத்தோடு, உடம்பெல்லாம் நடுங்க அவர் அருகிலேயே நின்றது.

அந்தத் தடத்தை அமைத்தவன் நான். மைதானத்துத் தடையில் கால் பட்டால் கட்டை உருண்டு விழும். இங்கே தடை அசையாது, குதிரைதான் புரளும். பாயும் நொடியில் மூக்குக்கு நேர்கீழே இருப்பது குதிரைக்குத் தெரியாது. சற்று முன்பு பார்த்ததை நம்பியே அது எழும்புகிறது. நானோ கரிய உருண்டைத் தடியை, தடை தொடங்கும் இடம் குதிரைக்குத் தெரியும்படி அடியில் கோடாக எதுவும் இடாமல், மாலை வெயில் எதிரே அடிக்கும் திசையில் கிடத்தியிருந்தேன். முன்னே ஓடிய குதிரைகள் மணலைப் பறித்துப் பள்ளமாக்கிவிட்டதால், செவலை வந்தபோது தடையின் உயரமும் கூடியிருந்தது. இவை அனைத்தும் முன்கூட்டியே பார்த்திருக்க வேண்டியவை.

இந்த ஆபத்து நமக்கு மட்டும் உரியதன்று. 1999-இல் பிரிட்டனில் இத்தகைய ஓட்டங்களில் ஒரே ஆண்டில் ஐந்து வீரர்கள் உயிரிழந்த பிறகே, பலமாக இடித்தால் முறிந்து கட்டையைக் கீழே விடும் முளைகளை உருவாக்கும் வேலை அங்கே மும்முரமானது. 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் நாட்டின் குதிரையேற்ற வீரர் ஃபவாத் மிர்சா 23-ஆம் இடம் பெற்றதைப் பார்த்துத்தான் நம் இளைஞர்கள் சிலர் சேணம் கேட்டு வந்தார்கள். அதே ஒலிம்பிக்கின் அதே தடத்தில் சுவிட்சர்லாந்துக் குதிரையொன்று காலில் தசைநார் அறுந்து, கருணைக்கொலை செய்யப்பட்டதையும் அவர்களிடம் சொல்லியாக வேண்டும்.

அப்படியானால் இந்த ஓட்டமே வேண்டாம் என்று சித்திரைக் கூட்டத்தில் சிலர் கேட்டார்கள். குதிரை இரு காதுகளையும் முன்னே நிமிர்த்தி, நாம் சொல்லுமுன்பே தடையைக் கண்டுகொண்டு, கடைசி மூன்று பாய்ச்சலில் தன் அடியைத் தானே அளந்து எழும்பும்போது கால்களுக்கிடையே உணரும் அந்த வலுவை ஒருமுறை அறிந்தவர் அதை விட முடியாது. விடவும் வேண்டாம் என்பதே என் கருத்து.

ஆகவே தடத்தைத் திருத்தினோம். காற்றில் சாய்ந்த பனைகளை மட்டும் எடுத்து, குதிரை வரும் பக்கம் சரிவாக அடுக்கி, அடியில் வெள்ளையடித்த கட்டையைக் கிடத்தி, உச்சியில் சவுக்கு மிலாறு கட்டியுள்ளோம். கால் உரசினாலும் மிலாறு வளைந்து கொடுக்கும். பாயும் இடத்திலும் இறங்கும் இடத்திலும் செம்மண் கொட்டி நீர் தெளித்து இறுக்கியிருக்கிறோம். இனி ஓட்டம் காலையில், சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும்படி மேற்கு நோக்கியே நடைபெறும். விழுந்தவர் அன்று மீண்டும் ஏறக் கூடாது. இது கோழைத்தனம் என்று நம் பெரியவர் ஒருவர் வருந்தினார். தலையில் பட்ட அடி உடனே வெளியே தெரியாது என்பதை அவரும் பின்னர் ஏற்றுக்கொண்டார்.

நம் கடற்காற்றின் ஈரத்தில் குதிரையின் வியர்வை எளிதில் உலராது என்பதால், ஓட்டம் முடியும் இடத்தில் தண்ணீர் டிரம்கள் வைக்கிறோம். சூடான உடம்பில் குளிர்ந்த நீர் பட்டால் சதை பிடித்துக்கொள்ளும் என்ற பழைய அச்சம் சரியல்ல என்பது 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கை ஒட்டிய ஆய்வுகளில் தெளிவாயிற்று. மூச்சு தணியும்வரை தொடர்ந்து ஊற்ற வேண்டும்.

காற்று நிரம்பும் பாதுகாப்பு மேலங்கிகள் வாங்கவும், ஓட்ட நாளில் கால்நடை மருத்துவரும் ஆம்புலன்ஸும் இல்லாமல் ஒரு குதிரையையும் அவிழ்ப்பதில்லை என்று தீர்மானிக்கவும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன். தம்பியின் தோள் ஆறிவிட்டது. செவலை இப்போது முழங்கால் உயரத் தடைகளைத் தாண்டுகிறது. நான்காவது தடைக்கு அதை இன்னும் கொண்டுபோகவில்லை. கூட்டம் முடிந்ததும் உறுப்பினர்கள் அனைவரும் என்னுடன் வந்து, திருத்திய தடத்தைக் கால்நடையாகவே பார்த்துக் குறைகளைச் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்