தட்டிக்கு அந்தப் பக்கம்

மாயவரம்,
20-4-1925

அன்புள்ள சாமா,

க்ஷேமம். உன் இரண்டு கார்டும் வந்தன. பதில் போடாததற்குக் காரணம் சோம்பல்தான். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். அவள் பிரசவத்துக்குப் போய் இரண்டு மாதமாகிறது. அன்றிலிருந்து எனக்கு மூன்று வேளையும் ஹோட்டல்தான்.

கோர்ட்டுக்குப் பக்கத்து ஹோட்டல். எந்த வழக்கு எப்படிப் போகும் என்பது எங்கள் வக்கீலுக்கு முன்னால் சப்ளையருக்குத் தெரிந்துவிடும். கட்சிக்காரன் தன் சாட்சிகளை வரிசையாக உட்கார வைத்து இட்லி வாங்கிக் கொடுப்பான். எதிராளி அல்வா வாங்கிக் கொடுத்தால் தீர்ந்தது, சாட்சிக்கு ஞாபக மறதி வந்துவிடும். மாசம் பிறந்தால் காபி காபியாக இருக்கும். கடைசி வாரம் சிக்கரிக் கஷாயம். காலையில் பழையதும் மோரும்தான் என்று விரதம் மாதிரி இருக்கும் என் அப்பா, நில விவகாரமாக வந்தவர், 'உடம்பு அசதி' என்று இரண்டு டம்ளர் உள்ளே தள்ளினார். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

சரி, எழுத வந்தது இதல்ல. போன வெள்ளிக்கிழமை நம் கோவிந்து வந்திருந்தான்.

அதே சிரிப்பு, அதே புளுகு. கும்பகோணம் காலேஜ் கதைகளைப் பேசிக்கொண்டே ஹோட்டலுக்குள் நுழைந்தோம். நான் வழக்கம்போல் நேரே பிராமணாளுக்கான உள்கூடத்துக்குப் போய்விட்டேன். திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். மூங்கில் தட்டிக்கு அந்தப் பக்கம், முன் தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவனை யாரும் தடுக்கவில்லை, சாமா. தானாகவே போய் உட்கார்ந்துவிட்டான். "நீ சாப்பிட்டுவிட்டு வாடா" என்றான்.

நானும் சாப்பிட்டேன். அதைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும். எழுந்து முன்பக்கம் போயிருக்கலாம். இலை போட்டாகிவிட்டது, பக்கத்தில் கோர்ட் சிரஸ்தார், இப்படி என்னென்னவோ. வெட்கம் கெட்டுப்போய்த் தட்டிக்கு இப்பாலிருந்து, "சாம்பார் வந்ததா?" என்று வேறு கேட்டேன்.

"வந்தது, வந்தது. உன் பக்கத்திலிருந்துதானே வரவேண்டும்" என்றான்.

நான் கைகழுவி வருவதற்குள் இரண்டு பேருக்கும் காசு கொடுத்திருந்தான்.

சேரன்மாதேவி குருகுலத்தில் இரண்டு பிராமணப் பையன்களுக்குத் தனிச் சாப்பாடு போட்டதற்காக, அதை நடத்தும் வ.வே.சு. ஐயரைக் கோர்ட் வராந்தாவில் நின்று கிழி கிழியென்று கிழித்தவன் நான். போன வருஷம் ஈரோட்டு ராமசாமி நாயக்கர் வைக்கத்தில் தீண்டாமையை எதிர்த்துப் போராடிச் சிறைக்குப் போனபோது நாம் எழுதிக்கொண்ட கடிதங்களை வைத்திருக்கிறாயா? என்ன ஆவேசம்! அவர் திருவாங்கூர் ஜெயிலுக்குப் போனார். என்னால் நாலடி நகர்ந்து முன்பக்கம் உட்கார முடியவில்லை.

மூன்று நாளாக அங்கே சாப்பிடப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லையே தவிர, சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். எனக்குச் சமைக்கத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். அந்த உப்புமாவை ஞாபகப்படுத்தாதே.

அப்புறம், கோவிந்து சித்ரா பௌர்ணமிக்கு உங்கள் ஊருக்கு வருகிறானாம். அவனுக்கு எங்கே இலை போடப் போகிறாய்? அம்மா இருக்கிறாள் என்று எழுதாதே, எனக்கும் அம்மா இருக்கிறாள். யோசித்து வைத்துக்கொண்டு இரண்டு வரி போடு.

உன்
வைத்தி