மாரட் வீதி பேரை மாத்தாதீங்க

ஆசிரியருக்கு வணக்கம். மதுரை டவுனுக்குள்ள வெள்ளைக்காரன் பேர்ல இருக்குற தெருவுக்கெல்லாம் புதுப் பேரு வைக்கணும்னு ஒரு கோரிக்கை வந்த செய்தியை நம்ம பேப்பர்ல படிச்சேன், எனக்கு இதுல உடன்பாடு இல்ல. 1834ல இருந்து 1847 வரைக்கும் கலெக்டரா இருந்த பிளாக்பர்ன்தான் பழைய கோட்டையை இடிச்சு அகழியைத் தூர்த்தாரு, சுவரை இடிக்கிறவங்களுக்கு அந்த இடமே சொந்தம்னு ஒரு ஆசையும் காட்டி வேலையை முடிச்சுட்டாரு (ஆளு கெட்டிக்காரன்தான்). அப்ப உண்டானதுதான் வெளி வீதி, மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி எல்லாம், பின்னாடி ரெண்டும் அந்த வேலையை முன்னாடி நின்னு பாத்தவங்க பேரு, அதுல ஒருத்தர் நம்ம ஊரு மேஸ்திரிங்கிறதை யாரும் சொல்றதே இல்ல.

தெற்கு மாரட் வீதியில எங்க அப்பா கடைக்குப் பின்னாடி செப்டிக் டேங்குக்குத் தோண்டுனப்ப ஆறடிக்குக் கீழ உளி போட்ட பெரிய கல்லு வந்துச்சு, கொத்தனாரு பாத்ததுமே "கோட்டைக் கல்லுண்ணே"ன்னாரு, மூணு பேரு கயிறு கட்டி இழுத்தோம், இன்னைக்கும் எங்க வீட்டுல துணி துவைக்கிற கல்லு அதான். பேரை எடுத்துட்டா அகழி எந்தப் பக்கம் போச்சுங்கிற ஒரே அடையாளமும் போயிரும். அதனால மாநகராட்சி பேரை விட்டுட்டு, பிளாக்பர்ன் நினைவா நிக்கிற விளக்குத்தூண்லயும் பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் மிச்சமிருக்கிற கோட்டைக்கிட்டயும் பழைய மேப்போட ஒரு போர்டு வைக்கலாம், போஸ்டர் ஒட்ட முடியாத உயரத்துல.

– ஒரு வாசகர், மதுரை