கேட்டதற்காக மன்னிப்புக் கேட்காதே

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நேற்று நீ போனில் சொன்னதைக் கேட்டதிலிருந்து மனசு அதிலேயே நிற்கிறது. போனில் சரியாகப் பேச வரவில்லை, அதனால்தான் கடிதம்.

ரயில் மேல்கம்பி வேலைக்காக லைனை நிறுத்தித் தந்த ராத்திரி பிளாக்கில், கம்பியை எர்த் பண்ணும் ராடு மாட்டியாச்சு என்று சொன்ன பிறகும் "இரண்டு பக்கமும் மாட்டியாச்சாண்ணா?" என்று நீ மறுபடி கேட்டிருக்கிறாய். அதற்கு கேங்கில் ஒருவர், இந்தப் பொண்ணு விடியறவரைக்கும் கேள்விதான் கேக்கும் என்று சிரித்தாராம். நீயும் உடனே "சாரிண்ணா" என்று சொல்லிவிட்டாயாம். அந்த சாரிதான் எனக்குப் பிடிக்கவில்லை. அவர் சிரித்ததை விட்டுவிடு. ராத்திரி வேலையில் அசதிக்குச் சிரிப்பார்கள், அதில் கெட்ட எண்ணம் இருக்காது.

ஐ.டி.ஐ.யில் வீட்டு ஒயரிங்கும் மோட்டாரும்தான் பார்த்திருப்பாய். அங்கே சுவிட்சை அணைத்தால் கரண்ட் இல்லை. ரயில் லைன் அப்படி இல்லை. மின்வாரியம் தரும் 110 கே.வி.யை, அதாவது 1,10,000 வோல்ட்டை, சப்ஸ்டேஷனில் 25,000 வோல்ட்டாக இறக்கி மேல்கம்பிக்குக் கொடுக்கிறோம். நம் தாம்பரம் தடத்தில் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாகப் பல லைன்கள். கடைசி லோக்கல் போன பிறகு உங்களுக்கு ஒரு லைனில்தான் பிளாக் தருவார்கள். பக்கத்து லைனில் தெற்கே போகிற எக்ஸ்பிரஸ்கள் ஓடிக்கொண்டிருக்கும், அதில் முழு கரண்ட் இருக்கும். இரண்டு கம்பியும் மைல் கணக்கில் கூடவே போவதால், அணைத்து வைத்த கம்பியிலும் தானாகவே ஆயிரக்கணக்கான வோல்ட் ஏறி நிற்கும். கம்பியின் சப்ளையைக் கட்டுப்படுத்தும் டி.பி.சி. அதை நிறுத்தி, உறுதி சொல்லும் நம்பரும் கொடுத்துவிட்டார், வேலை செய்யலாம் என்ற பெர்மிட்டும் கைக்கு வந்துவிட்டது, எல்லாம் சரி. ஆனாலும் எர்த் பண்ணும் வரைக்கும் அது உயிருள்ள கம்பிதான்.

ராடு மாட்டும்போது பக்கத்தில் நின்று பார். முதலில் தண்டவாளத்தின் அடிப்பாகத்தில் துருவைப் பிரஷ் போட்டுத் தேய்த்து, இரும்பு பளிச்சென்று தெரிந்த பிறகு ராடின் ஒயர் நுனியில் இருக்கும் கிளாம்பை அதில் இறுக்குவார்கள். அப்புறம்தான் ராடின் தலையில் இருக்கும் கொக்கியை மேல்கம்பிக்குக் கொண்டுபோவார்கள். இந்த வரிசை மாறவே கூடாது. கொக்கியை முதலில் மாட்டிவிட்டால், கையில் பிடித்திருக்கும் கிளாம்புக்கே கம்பியின் வோல்டேஜ் வந்துவிடும். கழற்றும்போது தலைகீழ்: கொக்கி முதலில், கிளாம்பு கடைசியில். கொக்கி கம்பியைத் தொடுகிற நொடியில் சட்டென்று ஒரு சத்தம் வரும், இருட்டில் நீலமாக ஒரு பொறி தெரியும். சப்ளை நிறுத்திய கம்பியில்தான் அந்தப் பொறி வருகிறது. அடுத்த பிளாக்கில் அதைக் கவனித்துப் பார்.

இப்போது உன்னிடம் ஒரு பொய்யை ஒத்துக்கொள்ள வேண்டும்.

என் இடது கைச் சுண்டுவிரல் ஏன் மடங்காது என்று நீ ஒன்றாவது படிக்கும்போது கேட்டாய். தேங்காய் வெட்டும்போது அரிவாள் பட்டுவிட்டது என்று சொன்னேன். அது அரிவாள் இல்லை.

1996. மீட்டர் கேஜ் மின்ரயில் ஓடிக்கொண்டிருந்த காலம். எனக்கு வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷம், எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. கம்பியின் கரண்ட் கம்பத்துக்குப் போகாமல் தடுக்கும் இன்சுலேட்டரை மாற்றும் வேலை. நான் தண்டவாளத்தில் தள்ளிப்போகும் ஏணியான லேடர் டிராலியின் மேலே நின்றேன். கீழே ராடு மாட்டுகிறவர் "ஆச்சு" என்று குரல் கொடுத்தார். கிளாம்பு ஆச்சு என்று அவர் சொன்னார். கொக்கியும் ஆச்சு என்று நான் எடுத்துக்கொண்டேன். எது ஆச்சு என்று கேட்க ஒரு நொடி ஆகியிருக்காது. கேட்கவில்லை. கையை நீட்டினேன். அதற்குப் பிறகு நினைவில் இருப்பது ஜல்லிக்கல் முதுகில் குத்தியதும், யாரோ என் பெயரைச் சொல்லிக் கத்தியதும்தான். மெயின் சப்ளை இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். பக்கத்து லைன் ஏற்றிவிட்ட கரண்டுக்கே விரலின் நரம்பு வெந்துவிட்டது. உங்கள் அம்மாவிடமும் ரொம்ப நாள் முழுதாகச் சொல்லவில்லை.

அந்த "ஆச்சு" சொன்னவர் பல வருஷம் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. தப்பு என்னுடையது என்று எத்தனையோ முறை சொல்லியும் அவர் மனசு ஆறவில்லை. உன் கேங்கில் யாருக்கும் அந்தப் பாரம் வரக்கூடாது. நீ இரண்டாம் முறை கேட்பது உனக்காக மட்டும் இல்லை பாப்பா, அவர்களுக்காகவும்தான்.

கேள்வி கேட்பது உனக்குப் புதிதும் இல்லை. சின்ன வயதில் லோக்கலில் போகும்போது ஒரு இடத்தில் விளக்கு அணைந்து ஃபேன் சத்தம் அடங்கும். நீ விரல் விட்டு எண்ணுவாய், "இப்ப ஏன்ப்பா போச்சு?" என்பாய். டிரைவர் மாமா அணைக்கிறார், இங்கே கம்பியில் கரண்ட் இல்லாத ஒரு துண்டு இருக்கிறது என்று சொல்வேன். அடுத்த ஞாயிறும் அதே இடத்தில் அதே கேள்வி. இப்போது அதற்கு நியூட்ரல் செக்‌ஷன் என்று பேர் படித்துவிட்டாய். இந்தப் பக்கம் ஒரு ஃபேஸ், அந்தப் பக்கம் வேறு ஃபேஸ், இரண்டும் சேரக்கூடாது என்று எனக்கே போனில் விளக்கினாய். எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா?

வேலையைப் பற்றி இன்னும் எத்தனையோ சொல்ல ஆசை. வெயில் காலம் தொடங்கும்போது, லைன் கம்பத்திலிருந்து எடுத்த காக்காய்க் கூட்டைப் பிரித்துப் பார். சுள்ளிக்கு நடுவில் கட்டுக்கம்பித் துண்டுகளாகச் செருகி வைத்திருக்கும், ஒரே ஒரு துண்டு நழுவினால் லைன் டிரிப் ஆகும். பீச் பக்கம் உப்பும் தூசியும் படிந்த இன்சுலேட்டரை அடைமழை கழுவிவிடும். விடியற்காலைப் பனிதான் அதை ஈரமாக்கித் தகராறு பண்ணும். இதெல்லாம் கூட நின்று வேலை பார்ப்பவர்களிடம்தான் கற்றுக்கொள்ள முடியும். சிரித்தாரே, அந்த அண்ணனுக்கு இவை எல்லாம் தெரிந்திருக்கும். அவரிடமே கேள். மரியாதையாகக் கேள், ஆனால் கேட்டதற்காக மன்னிப்பு மட்டும் கேட்காதே.

அம்மா பருப்புப் பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் கட்டி வைத்திருக்கிறாள். சனிக்கிழமை வரும் உன் சித்தப்பாவிடம் கொடுத்து அனுப்புகிறோம். ராத்திரி வேலைக்கு முன் வயிறு நிறையச் சாப்பிட்டுப் போ. ஷூவின் அடிப்பாகம் தேய்ந்துவிட்டது என்றாயே, ஸ்டைபண்ட் வரட்டும் என்று காத்திருக்காதே, பணம் போட்டுவிட்டேன்.

பிளாக் முடிந்து, கழற்றிய ராடுகளை எண்ணிப் பார்த்த பிறகு ஒரு மிஸ்டு கால் கொடு. நாலு மணிக்கு நான் விழித்துத்தான் இருப்பேன்.

அன்புடன்,
அப்பா