மீன் தொட்டியில் வரவு தேதி எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் வண்ண மீன் கடைகளைப் பற்றி வந்த பக்கத்தைப் படித்தேன். படங்கள் பிரமாதம். ஆனால் ‘நல்ல கடை’ எது என்று சொல்ல எழுதியவர் பார்த்ததெல்லாம் ஏசி இருக்கிறதா, விளக்கு அலங்காரம் எப்படி, கார் நிறுத்த இடம் உண்டா, எத்தனை வகை மீன் கிடைக்கும் என்பதுதான். துணிக்கடைக்கு இது சரி, உயிருள்ள சரக்கு விற்கிற கடைக்குப் பற்றாது. இருபது வருடமாகக் கொளத்தூர் மீன் கடைகளில் ஏறி இறங்குகிறவன் என்ற முறையில் எழுதுகிறேன், நீளமாகப் போனால் வெட்டிக்கொள்ளுங்கள்.

நாலு மாதம் முன்பு நீங்கள் பாராட்டுகிற மாதிரியான ஒரு பளபளப்பான கடையில் எட்டு நியான் டெட்ரா வாங்கினேன். பெயர் வேண்டாம். தொட்டி அவ்வளவு சுத்தம், கண்ணாடி இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். மூன்றாம் நாள் காலையில் ஒரு மீனின் வால் ஓரத்தில் ரவை ஒட்டினதுபோல இரண்டு வெள்ளைப் புள்ளி. சாயங்காலம் எல்லா மீனும் சரளைக்கல்லில் உடம்பைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டன. கல் உப்பு போட்டேன், நீல மருந்து ஊற்றினேன், ஹீட்டரைக் கூட்டி வைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பத்து நாளில் நியான் எட்டும் காலி. அதோடு நாலு வருடமாக என்னிடம் இருந்து, ஃபில்டர் குழாயிலேயே முட்டை வைக்கும் ஏஞ்சல் ஜோடியும் போய்விட்டது. கடையில் போய்க் கேட்டால், “உங்க தண்ணி செட் ஆகலை சார், எங்க டேங்க்ல பாருங்க, ஒண்ணும் ஆகலையே” என்றார்கள். பார்த்தேன். அந்தத் தொட்டியில் இப்போது வேறு மீன் இருந்தது.

இதில் கோபப்பட்டுப் பிரயோசனம் இல்லை என்று பிறகு புரிந்தது, ஏனென்றால் கடைக்காரர் பொய் சொன்னார் என்று என்னால் நிரூபிக்கவே முடியாது. வெள்ளைப் புள்ளி என்பது ஓர் ஒட்டுண்ணி. மீன் உடம்பில் புள்ளியாக வளர்ந்து, பழுத்து, தொட்டி அடியில் விழுந்து, அங்கே நூற்றுக்கணக்கில் பெருகி மறுபடியும் மீனைத் தேடி நீந்தும். நம்ம ஊர் வெதுவெதுப்பான தண்ணீரில் இந்தச் சுற்று ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். அப்படியென்றால் வந்த மீனை இரண்டு வாரம் கடையிலேயே தனியாக வைத்திருந்தால் நோய் அங்கேயே தெரிந்திருக்கும். காலையில் வந்த பெட்டியைப் பிரித்து மாலையில் விற்றுவிட்டால் புள்ளி நம் வீட்டில்தான் தெரியும், கடைத் தொட்டி எப்போதும் ‘ஒண்ணும் ஆகாமல்’தான் இருக்கும். அதாவது, கடையை எடைபோட ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும்: இந்த மீன் இங்கே வந்து எத்தனை நாள் ஆகிறது?

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு சந்துக்கடை. பன்னிரண்டு அடி அகலம்கூட இருக்காது, உள்ளே குளத்து வாடை, பகலிலும் பாதி இருட்டு. உங்கள் கட்டுரைக்காரர் பைக்கை நிறுத்தியிருக்கவே மாட்டார். அங்கே ஒவ்வொரு தொட்டியின் மூலையிலும் மார்க்கரால் தேதி எழுதியிருந்தது, ‘வரவு 8/3’ என்று. ஒரு தொட்டியில் அதற்குக் கீழே ‘விற்பனைக்கு இல்லை’. அதில் இருந்த கோரிடோராஸ் மீன்களை நான் கேட்டதற்குக் கடைப் பையன், “புதன்கிழமை வாங்கண்ணே, இன்னும் ஒழுங்கா சாப்பிடவே ஆரம்பிக்கல” என்றான். காசை நீட்டுகிறவனிடம் புதன்கிழமை வா என்று சொல்கிற கடையை நான் அதுவரை பார்த்ததில்லை. ஒவ்வொரு ரேக்குக்கும் தனி வலை, வலையை முக்கி எடுக்கக் கத்திரிப்பூ நிறத்தில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கலந்த ஒரு வாளி. அப்புறம் முதலாளி வந்து கேள்வி கேட்க ஆரம்பித்தார்: தொட்டி எத்தனை அடி, போர் தண்ணியா மெட்ரோ தண்ணியா, ஃபில்டர் ஓட ஆரம்பித்து எத்தனை நாள், ஏற்கெனவே உள்ளே என்ன இருக்கிறது. பெண் பார்க்கப் போன இடத்தில்கூட என்னை இவ்வளவு விசாரிக்கவில்லை.

அந்தக் கேள்விகளில் அர்த்தம் இருக்கிறது. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா வருகிறது, அது செவுளை அரித்துவிடும். அதை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு அவ்வளவு ஆபத்தில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா ஃபில்டரில் குடியேற ஒரு மாதம், சில சமயம் ஒன்றரை மாதம்கூட ஆகும். இது தெரிந்தும் தொட்டி, கல், பிளாஸ்டிக் செடி, இருபது மீன் என்று எல்லாவற்றையும் ஒரே மாலையில் கட்டிக் கொடுத்து அனுப்புகிற கடைகள் நிறைய. பத்து நாள் கழித்து நாமே போய் மருந்தும் வாங்குவோம், புது மீனும் வாங்குவோம்.

செத்த மீன் கண்ணில் பட்டதும் மோசமான கடை என்று முடிவு கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், அது நியாயமில்லை. ஆயிரக்கணக்கில் மீன் இருக்கிற இடத்தில் தினமும் ஒன்றிரண்டு சாகத்தான் செய்யும். காலையில் செத்தது மத்தியானமும் கிடக்கிறதா, மற்ற மீன்கள் அதைக் கொத்திக்கொண்டிருக்கின்றனவா என்பதுதான் பார்க்க வேண்டியது. பக்கத்தில் நீந்துகிற மீன்களையும் பாருங்கள், துடுப்பை உடம்போடு ஒட்ட வைத்துக்கொண்டு ஒரு மூலையில் நின்றால், மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், எதையும் வாங்க வேண்டாம். தயங்காமல் ஒரு சிட்டிகை தீனி போடச் சொல்லிக் கேளுங்கள். நல்ல கடைக்காரர் சந்தோஷமாகப் போடுவார்.

ஃபைட்டர் மீன் தனிக் கதை. அதற்குத் தண்ணீருக்கு மேலே உள்ள காற்றை நேராக விழுங்கிச் சுவாசிக்கிற உறுப்பு இருப்பதால் ஒரு டம்ளர் தண்ணீரிலும் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். அதையே சாக்காக வைத்து வாரக்கணக்கில் பிளாஸ்டிக் கப்பில் அடுக்கிவைக்கிறார்கள். கப் தண்ணீர் டீ நிறத்தில் இருந்து, “பாதாம் இலை போட்டிருக்கோம்” என்றால் சரி, அது மீனுக்கு நல்லதுதான், உள்ளே இலை கிடக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். உடம்பு ஊடுருவித் தெரிகிற கண்ணாடி மீனுக்கு ஊசியால் பச்சை, ரோஸ் சாயம் ஏற்றி விற்கிற கடை என்றால் நான் வாசலோடு திரும்பிவிடுவேன், அந்தச் சாயம் சில மாதத்தில் மங்கிவிடும் என்பது வேறு விஷயம். ‘டேங்க் கிளீனர்’ என்று இரண்டு அங்குலச் சக்கர் மீனைத் தலையில் கட்டுகிறார்களே, அது ஒரு அடிக்கு மேல் வளரும் என்று யாராவது சொல்கிறார்களா? வளர்ந்த பிறகு எடுத்துப்போய் ஏரியில் விட்டுவிடுகிறார்கள். இன்று நம் ஏரிகளில் வலை போட்டால் அதுதான் வருகிறது, வாங்க ஆளில்லை.

கடைக்காரர்களை மட்டும் திட்டினால் நான் யோக்கியன் இல்லை. பிறந்தநாள் ரிட்டர்ன் கிஃப்ட்டுக்கு முப்பது கண்ணாடிக் கிண்ணத்தில் முப்பது கோல்ட் ஃபிஷ் கேட்கிறவர்கள் நாம்தான். பத்து வருடத்துக்கு மேல் வாழக்கூடிய மீன் அது, கிண்ணத்தில் பத்து நாள் தாண்டுவதே பெரிது. இரண்டு வாரம் மீனை வைத்துத் தீனி போட்டு, கரன்ட் பில் கட்டி, சாவதையெல்லாம் கழித்து விற்கிறவர் ஜோடிக்குப் பத்து ரூபாய் கூடச் சொன்னால் எதிர்க்கடைக்குப் போகிறவர்களும் நாம்தான். நானும் போயிருக்கிறேன், அந்த எட்டு நியானை அப்படித்தான் வாங்கினேன்.

அதனால் இதைக் கடைக்காரரின் மனசாட்சிக்கு விட்டுவிட முடியாது. சட்டத்தைப் பார்த்தால், 2017-இல் மத்திய அரசு மீன் கடைகளுக்கென்றே விதிகள் கொண்டுவந்தது, கிண்ணத்தில் மீன் வைக்கக்கூடாது என்பது உட்பட ஏகப்பட்ட நிபந்தனைகள். வியாபாரிகள் எதிர்த்தார்கள், விதிகள் திரும்பப் பெறப்பட்டன. அடுத்த வருடம் வந்த செல்லப்பிராணிக் கடை விதிகள் நாய், பூனை, முயல், பறவை என்றுதான் பெரும்பாலும் பேசுகின்றன. பழையபடி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்டால் மறுபடியும் அதே கதிதான். நான் கேட்பது ஒன்றே ஒன்று. ஒவ்வொரு தொட்டியிலும் மீன் வந்த தேதியை எழுதிவைக்க வேண்டும். மீன்வளத்துறை சொன்னாலும் சரி, வியாபாரிகள் சங்கமே முடிவெடுத்தாலும் சரி, ஆகிற செலவு ஒரு மார்க்கர் பேனா. தேதியை மாற்றி எழுத மாட்டார்களா என்றால், எழுதுவார்கள். ஆனால் வாராவாரம் வருகிற என் மாதிரி ஆட்களுக்கு அது ஒரே மாதத்தில் தெரிந்துவிடும், அப்புறம் அந்தக் கடையின் பெயர் எங்கெல்லாம் போகும் என்று அவர்களுக்கும் தெரியும்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை மீன் கடைகளைப் பற்றி எழுதுவதாக இருந்தால், படம் எடுக்கிறவரை ஞாயிறு மாலையில் அனுப்பாமல் செவ்வாய்க்கிழமை காலையில், கடை திறந்து லைட் போடுவதற்கு முன்னால் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வில்லிவாக்கம், சென்னை