கார்டியன் கணக்கு: கட்டுக்குள் போனால் போனதுதானா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மைனர் சொத்துகள் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, கோர்ட் அனுமதி இல்லாமல் மைனர் நிலத்தை விற்கக் கூடாது என்பதை நன்றாகவே விளக்கியிருந்தது. அனுமதி வாங்கி விற்ற பணம் அப்புறம் என்ன ஆகிறது என்பதுதான் அதில் இல்லை. வக்கீல் குமாஸ்தாவாகவே காலம் தள்ளியவன் என்பதால் அதைப் பற்றி எழுதுகிறேன்.

மைனரின் சொத்தைப் பார்த்துக்கொள்ளக் கோர்ட் நியமிப்பவர் கார்டியன்; அவர் பொறுப்பில் இருக்கும் மைனர் வார்டு. 1890-ஆம் ஆண்டு கார்டியன், வார்டு சட்டத்தின் 34-ஆவது பிரிவு கார்டியன் கொடுக்க வேண்டிய கணக்கு பற்றிப் பேசுகிறது. நியமனமான ஆறு மாதத்துக்குள் மைனரின் நிலம், ரொக்கம், மற்ற அசையும் சொத்து, வரவேண்டிய கடன், கொடுக்கவேண்டிய கடன் எல்லாவற்றுக்கும் பட்டியல் கொடுக்க வேண்டும். பிறகு சொன்ன நேரத்தில் வரவு செலவும் காட்ட வேண்டும். ஆனால் கோர்ட் கேட்டால்தான். உயிலுக்கு புரோபேட், அதாவது உயில் செல்லும் என்ற கோர்ட் சான்று, வாங்கியவருக்கு அந்தச் சலுகை கிடையாது. 1925-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம் 317-ஆவது பிரிவுப்படி ஆறு மாதத்தில் சொத்துப் பட்டியலும் ஒரு வருடத்தில் கணக்கும் தாக்கலாக வேண்டும். அதையும் யாராவது துரத்திக் கேட்டு நான் அதிகம் பார்த்ததில்லை.

காரணம் எளிது. கார்டியனை நியமித்த அன்றே ஓ.பி., அதாவது நியமனம் கேட்டுப் போட்ட மூல மனு, முடிந்துவிடுகிறது. அப்புறம் வாய்தா இல்லை. கம்ப்யூட்டரில் நம்பரைத் தட்டினால் ‘டிஸ்போஸ்டு’, அதாவது முடிந்தது, என்று வரும். அதற்குப் பிறகு வரும் கணக்கைச் சிப்பந்தி வழக்குக் கட்டுக்குள் செருகி வைப்பார்; நீதிபதி மேசைக்கு அது போக வேண்டிய கட்டாயமே வருவதில்லை. கட்டு ரெக்கார்டு ரூமுக்குப் போய்விடும்.

பதினெட்டு முடிந்த ஒரு பெண்ணுக்காக அப்படி ஒரு கட்டை எடுக்க வைத்தோம். நகல் மனு போட்டு, ‘தேடப்படுகிறது’ என்ற பதிலைப் பலமுறை கேட்டபின் கட்டு கிடைத்தது. உள்ளே கணக்கு என்று இருந்தது ஒரு அரைத்தாள். படிப்புச் செலவு, வைத்தியச் செலவு, கடைசியில் ‘இதரம்’. மூன்றில் பெரிய தொகை இதரம்தான். ரசீது ஒன்றுகூட இல்லை. பெற்றுக்கொண்ட தேதி முத்திரை மட்டும் அழகாக விழுந்திருந்தது.

இதில் காலக்கெடுவும் சேர்ந்துகொள்கிறது. கார்டியன் செய்த விற்பனையை ரத்து செய்ய, மேஜரான மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். கட்டைத் தேடுவதிலேயே அதில் ஒரு பங்கு கரைந்தால் பிள்ளை என்ன செய்யும்? கேட்ட கணக்கைக் கொடுக்காத கார்டியனுக்கு அபராதமோ அதிகபட்சம் 100 ரூபாய். அப்புறமும் இழுத்தடித்தால் நாளொன்றுக்கு 10, மொத்தம் 500-க்கு மேல் போகாது. 1890-இல் அது பெரிய பணம். சிவில் சிறையில் வைக்கவும் சட்டத்தில் வழி இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், வைத்துத்தான் பார்த்ததில்லை.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் இதற்கென்றே கமிஷனர் ஆஃப் அக்கவுண்ட்ஸ் என்று ஒருவர் இருக்கிறார். அவர் கணக்கைச் சரிபார்த்து அறிக்கை கொடுக்க, கோர்ட் கிளார்க் அதைப் பதிவேட்டில் ஏற்றி வைக்கிறார். இங்கே அதற்குப் புதுச் சட்டம்கூட வேண்டாம். கார்டியன் கணக்குகளைப் பாதுகாப்பது பற்றியும், சம்பந்தப்பட்டவர்கள் அவற்றைப் பார்வையிடுவது பற்றியும் விதி செய்ய அதே 1890 சட்டத்தின் 50-ஆவது பிரிவு உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் தந்திருக்கிறது. தணிக்கைக்கு ஆள் போடவும் 34-ஏ பிரிவு இருக்கிறது.

குழந்தையின் சொத்து விவரம் ஊருக்கெல்லாம் தெரியலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பெயரும் தொகையும் வெளியே தெரிய வேண்டாம். வழக்கு எண், கணக்கு எந்தத் தேதிக்குள் வர வேண்டும், வந்ததா இல்லையா, பிள்ளைக்குப் பதினெட்டு முடியும் நாள் எது – இவ்வளவையும் கோர்ட் அலுவலகத் தலைமை ஊழியரான சிரஸ்தார் தனிப் பதிவேட்டில் எழுதி, வராதவற்றை மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீதிபதி முன் வைக்கட்டும். அந்தப் பிள்ளைக்கு இருபத்தொன்று முடியும்வரை அந்தக் கட்டை அழிக்கும் பட்டியலில் சேர்க்காமல் இருக்கட்டும். உயர் நீதிமன்றப் பதிவாளர் ஒரு சுற்றறிக்கை அனுப்பினாலே இந்த வேலை தொடங்கிவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா,
தஞ்சாவூர் மாவட்டம்.