மண் அதே மண்தானாம்!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் காடு வளர்ப்புக் கட்டுரையில், "முதிர்ந்த மரங்களை வெட்டினாலும் மண் அதே மண்தானே, கன்று நட்டால் கணக்கு நேராகிவிடும்" என்று ஒரு வரி. போகிறபோக்கில் எழுதியிருக்கிறார் கட்டுரையாளர். நாற்றங்காலிலேயே காலம் தள்ளியவன் நான். அதற்குமேல் படிக்க மனம் வரவில்லை.

உங்களுக்குத் தெரியாததல்ல. வேரும் பூஞ்சையும் கூடி வாழ்வதற்கு 1885-லேயே ஜெர்மானியரான ஃபிராங்க் மைக்கோரைசா என்று பெயர் வைத்துவிட்டார். மரத்துக்கு வயது ஏற ஏற அந்தப் பூஞ்சைகளும் மாறும் என்பது 1980களில் ஸ்காட்லாந்தின் பிர்ச் மரங்களில் பார்த்துப் பதிவானது. இளமரத்தடியில் ஹெபலோமா, லக்காரியா என்ற பூஞ்சைகள்; இவை முன்கட்ட வகைகள். மரத்துக்கு வயது ஏறிய பிறகு லாக்டேரியஸ், லெக்சினம்; இவை பின்கட்ட வகைகள். முதிர்ந்த மரத்தடியில் கன்று வைத்தால், பெரிய மரத்தின் வேரிலிருந்து பூஞ்சை இழைகள் வந்து கன்றின் வேரைப் பற்றிக்கொள்ளும். ஆய்வாளர்கள் அதே இடத்தில் கன்றைச் சுற்றிலும் மண்ணை வெட்டி அந்தத் தொடர்பை அறுத்தார்கள். பின்கட்ட வகைகள் கன்றுக்கு வரவில்லை. முன்கட்ட வகைகள்தான் ஒட்டின. மண் அதே மண்தான் ஐயா! போனது பக்கத்து மரத்தின் உயிருள்ள வேர்.

நானே பார்த்திருக்கிறேன். நாற்றங்கால் பைன் கன்றின் வேரை அலசி லென்ஸில் பிடித்தால், கவட்டையாகப் பிரிந்த நுனிகள் பெரும்பாலும் ஒரே பழுப்புப் பூஞ்சை உறையில் இருக்கும். முதிர்ந்த மரத்தடியில் மட்கிய சருகை விலக்கி ஒரு சாண் வேர் எடுங்கள்: ஒரு நுனி வெண்பஞ்சு, அடுத்தது வழவழப்பு, இன்னொன்றில் மஞ்சள் நூல். ஒவ்வொன்றும் வேறு பூஞ்சை. இதை எழுதி அனுப்பினால் "இடமின்மையால் வெளியிட இயலவில்லை" என்று அச்சடித்த அட்டை வரும். எனக்குப் பழகிவிட்டது.

ஆனால் தாவரமே அல்லாத காளானைத் தாவரக் கணக்கில் சேர்த்த துணுக்குக்கு இடம் இருந்தது. தாய்மரம் பிள்ளையை அடையாளம் கண்டு ஊட்டுகிறது என்று இரண்டு பக்கம் உருகவும் இடம் இருந்தது. 1997-ல் கனடாவின் காட்டியல் ஆய்வாளர் சூசன் சிமார்டு குழுவினர் பிர்ச்சுக்கும் டக்ளஸ் ஃபிர் என்ற ஊசியிலை மரத்துக்கும் இடையே கார்பன் கைமாறுவதை அளந்தது உண்மை. காட்டில் அது பூஞ்சை வழியாகத்தான் போகிறதா, கன்றுக்கு அதனால் எவ்வளவு லாபம் என்பதற்கெல்லாம் சான்று போதாது என்று 2023-ல் அதே துறையினரே எழுதினார்கள். அது உங்கள் பக்கத்தில் வரவில்லை. அன்று மரங்கள் மண்ணுக்கடியில் இன்டர்நெட் வைத்துப் பேசின. இன்று அதையெல்லாம் வெட்டினாலும் ஒன்றும் ஆகாதாம். எந்த இதழை நம்புவது?

வயது கூடினால் பூஞ்சை வகை கூடிக்கொண்டே போகும் என்று நானும் கதை அளக்கவில்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 5, 26, 65, 100 ஆண்டுக் காடுகளை ஒப்பிட்டார்கள். ஐந்தாண்டுக் காட்டில் வகைகள் குறைவு. எந்தெந்த வகைகள் என்ற சேர்க்கை 65-ஐ எட்டும்போது ஏறக்குறைய நிலைத்துவிடுகிறது. அதுவரை காத்திருக்க யாருக்குப் பொறுமை? வெட்டும்போது இடையிடையே சில பெரிய மரங்களை நிற்கவிட்டால், அவற்றின் வேர்ப்பூஞ்சைகளாவது பிழைத்துக் கன்றுகளுக்குத் தொற்றும். நாற்றங்காலில் தண்ணீர் ஊற்றுகிறவருக்குக்கூடச் சொன்னால் புரிகிற விஷயம்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அந்த வரிக்கு இரண்டு வரித் திருத்தம், குறுக்கெழுத்து விடைக்குக் கீழே போட்டாலும் சரி. வேர்நுனிப் படம் ஒன்று இணைத்திருக்கிறேன். வெளியிட மனமில்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள், வேறு பிரதி இல்லை.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்