கீ வெஸ்டிலிருந்து அப்பா

அன்புள்ள கயல்,

நலமாக, ஃபுளோரிடாவின் தென்கோடித் தீவான கீ வெஸ்டுக்கு வந்து சேர்ந்தோம். நீ சொன்னபடி டுவால் தெருவைச் சுற்றிப் பார்த்தோம். ஆனால் சாப்பிட அங்கே உட்காரவில்லை. தெருவைவிட்டு உள்ளே தள்ளி, வீடுகளுக்கு நடுவே, ஒரு கியூபக் குடும்பம் நடத்தும் உணவகத்துக்குப் போனோம். மதியம் சாப்பிட்டவர்கள் இரவுக்கும் அங்கேயே போய் நின்றோம்!

கல்லாவில் பாட்டி, அடுக்களையில் மகன், தட்டுகளைக் கொண்டுவருவது பேத்தி. அம்மா இறைச்சி தொடமாட்டாள் என்றதும் அந்தப் பெண், "ரொட்டியில் பன்றிக்கொழுப்பு சேர்ப்போம், அதை விட்டுவிடுங்கள்" என்று தானாகவே சொன்னாள். கருப்பு பீன்ஸில் இறைச்சி போட்டிருக்கிறதா என்று உள்ளே போய்க் கேட்டும் வந்தாள். போடவில்லை. வெங்காயம், குடைமிளகாய், பூண்டு, சீரகம், பிரிஞ்சி இலை, அவ்வளவுதான். வெள்ளைச் சோற்றில் அதை ஊற்றிப் பிசைந்து அம்மா சாப்பிட்டதை நீ பார்த்திருக்க வேண்டும். கூடவே, பூண்டும் புளிப்பு ஆரஞ்சுச் சாறும் ஊற்றிய மரவள்ளிக்கிழங்கு. தோல் கறுக்கும்வரை பழுக்கவிட்டு வறுத்த வாழைப்பழம். நான் பன்றி வறுவல் வாங்கினேன். அதுவும் அதே பூண்டு, ஆரஞ்சுச் சாற்றில் ஊறியதுதான், தொட்டாலே பிரிந்துவந்தது.

இது சுற்றுலாக்காரர்களுக்காக வந்த சாப்பாடு இல்லை, கயல். இங்கிருந்து கியூபா 90 மைல்தான். மயாமியைவிட ஹவானா பக்கம். 1868-இல் கியூபாவில் ஸ்பெயின் ஆட்சிக்கு எதிரான போர் மூண்டபோது சுருட்டுத் தொழிலாளர்கள் குடும்பம் குடும்பமாகக் கடல் தாண்டி இங்கே வந்தார்கள். 1871-இல் சான் கார்லோஸ் என்ற கழகத்தைத் தொடங்கிப் பிள்ளைகளுக்குப் பள்ளியும் நடத்தினார்கள். 1892-இல் கியூப விடுதலைப் போராட்டத் தலைவர் ஹோசே மார்த்தி அங்கே வந்து பேசியிருக்கிறார். எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று: சுருட்டு சுற்றும்போது நாளிதழும் நாவலும் உரக்கப் படித்துக்காட்ட, தொழிலாளர்களே தங்கள் கூலியிலிருந்து பணம் போட்டு ஒருவரை அமர்த்தியிருந்தார்கள். சுருட்டுத் தொழில் பிறகு ஃபுளோரிடாவிலேயே உள்ள டாம்பா நகரத்துக்குப் போய்விட்டது. சமையல் இங்கேயே தங்கிவிட்டது.

மாலையில் ஒரு சின்னக் கடையில் போயோ சாப்பிட்டோம். தட்டைப்பயறை ஊறவைத்துத் தோல் நீக்கி, பூண்டும் மிளகாயும் சேர்த்து அரைத்து, எண்ணெயில் பொரிக்கிறார்கள். நம் ஊர்ப் பயறு வடையேதான்! மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் கைப்பக்குவம் கியூபா வழியாக இங்கே வந்திருக்கிறது. அம்மா இரண்டாவது தட்டும் வாங்கிக்கொண்டாள். சர்க்கரை தூக்கலாகப் போட்ட கியூபக் காப்பியை மட்டும் எனக்குக் கொடுக்க மறுத்துவிட்டாள்.

இந்தத் தீவில் வாடகை ஏறிக்கொண்டே போகிறது. பேத்தி செவிலியர் படிப்புக்குப் போகிறாளாம். பாட்டி அதைப் பெருமையோடுதான் சொன்னார். படிக்கட்டும், நன்றாக வரட்டும். ஆனால் அந்த அடுக்களை இந்தக் குடும்பத்தின் கையில் இருக்கும்போதே நீ வந்து ஒருநாள் சாப்பிட வேண்டும். கோடையில் வரலாம் என்று தள்ளிப்போடாதே. அப்போது வெயிலும் புயலும். டிசம்பரில் மயாமிக்கு டிக்கெட் எடு. அங்கிருந்து கடலுக்கு மேலே பாலம் பாலமாகப் போகும் சாலை, நாலு மணிநேரப் பயணம். கார் நான் ஓட்டுகிறேன். விடுப்பு எந்தத் தேதியில் கிடைக்கும் என்று மட்டும் எழுது.

அன்புடன்,
அப்பா